அங்கவடியைப் பிடித்த தோழி

குதிரை என்றதும் நம் மனக்கண்ணில் வருவது யார்? வாளோடு பாயும் ராஜா, பந்தயத்தில் விரட்டும் ஜாக்கி, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை... எல்லோருமே ஆண்கள்! ஆனால் இங்கிலாந்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளியின் வாசலில் சனிக்கிழமை காலை நின்று பார்த்தால் காட்சி வேறு. காலில் பூட்ஸ், தலையில் ஹெல்மெட், கையில் துடைப்பம். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள்தான் அங்கே பெரும்பாலும் இருப்பார்கள்.

ராணுவத்தின் சொத்தாக இருந்த குதிரை சிறுமிகளின் தோழமைக்கு இடமானது எப்படி? அது சுமார் நூறு வருடக் கதை.

ஒரு பக்கமாக உட்கார்ந்த காலம்

19ஆம் நூற்றாண்டில் வசதியான வீட்டுப் பெண்களும் குதிரை ஏறினார்கள். ஆனால் இரண்டு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, நீண்ட பாவாடையோடு. அதற்கென்றே தனிச் சேணம் உண்டு. 1830களில் அந்தச் சேணத்தில் காலை அழுத்திக்கொள்ள இன்னொரு கொம்பு சேர்க்கப்பட்டது. அதன் பிறகு வேலி தாண்டவும் பெண்களால் முடிந்தது. எனவே திறமை இல்லை என்று சொல்ல முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்த உடையில் யாராவது தூக்கிவிடாமல் ஏறுவது கடினம். குதிரையைத் தேய்த்து, சேணம் பூட்டிக் கொண்டுவந்து நிறுத்துவது குதிரைக்காரரின் வேலை. வெளியே போனால் பின்னால் ஓர் ஆளும் வருவார். குதிரைக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு வேலைக்காரர் இருந்தார்.

போர் திறந்த கதவு

1914ல் முதல் உலகப் போர் தொடங்கியது. குதிரைக்காரர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். ராணுவத்துக்கோ குதிரைகள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டன. அவற்றைப் பழக்கும் வேலை சில முகாம்களில் பெண்களிடம் வந்தது. வில்ட்ஷயரில் இருந்த ரஸ்லி பார்க் முகாமை அப்படிப் பெண்களே நடத்தினார்கள். லூசி கெம்ப்-வெல்ச் என்ற பெண் ஓவியர் அந்தக் காட்சியைத் தீட்டியிருக்கிறார். கால்சட்டை போட்டு, இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து குதிரைகளை ஓட்டும் பெண்கள். லாயத்துக்குள் பெண்கள் நுழைந்தது இப்படித்தான்.

போர் முடிந்ததும் லாரியும் டிராக்டரும் குதிரையின் வேலையை மெல்ல மெல்லப் பிடுங்கிக்கொண்டன. குதிரைக்கு விளையாட்டு மட்டுமே மிச்சம். 1929ல் பிரிட்டனில் 'போனி கிளப்' தொடங்கப்பட்டது. மட்டக்குதிரை ஓட்டும் பிள்ளைகளுக்கான சங்கம் அது. ஆண், பெண் இருவருக்கும் இடம் உண்டு. ஆனால் வருடங்கள் போகப் போகச் சிறுமிகளே அதை நிரப்பினார்கள். அங்கே ஏறக் கற்றால் மட்டும் போதாது. தீனி வைக்க, குளம்பு சுத்தம் செய்ய, சேணத்தைத் துடைக்க, காயத்துக்கு மருந்து போட எல்லாம் கற்க வேண்டும். குதிரைக்காரர் செய்த வேலை சிறுமியின் கைக்கு வந்தது!

நட்பு எங்கே தொடங்குகிறது?

ஒரு பாடம் நடப்பதைப் பாருங்கள். மைதானத்தின் நடுவில் ஆசிரியர். சுற்றி வரிசையாக ஆறேழு குதிரைகள். முன்னால் போகும் குதிரைக்கும் தன் குதிரைக்கும் நடுவில் ஒரு குதிரை நீளமாவது இடம் விட வேண்டும். நெருங்கினால் முன்னால் இருப்பது உதைக்கும். எனவே தோழியின் குதிரை காதைப் பின்னால் மடக்குகிறதா, வாலை உதறுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாண்டும்போது ஒருவர் போக, மற்றவர்கள் காத்திருப்பார்கள். விழுவதை எல்லோரும் பார்ப்பார்கள். எழுந்து மறுபடி ஏறுவதையும் பார்ப்பார்கள். ஒளிக்க முடியாது!

ஏறுவதற்கு முன் இன்னொன்று. இடது அங்கவடியில் கால் வைத்து ஒருத்தி எழும்பும்போது அவள் பாரத்தில் சேணம் சரியலாம். அதனால் எதிர்ப்பக்கம் ஒருத்தி நின்று வலது அங்கவடியைக் கீழே இழுத்துப் பிடிப்பாள். ஏறுபவளுக்கு அவள் முகம் தெரியாது. ஆனால் அந்தக் கை விட்டால் சறுக்கல்தான். நட்பு என்றால் பேச்சு என்று நினைக்கிறோம். இங்கே முதலில் வருவது வேலை, அதன் பிறகு நம்பிக்கை. பேச்சு சேணம் துடைக்கும்போது தானாக வந்துவிடும்.

இரண்டு பேர் எழுதிய நாவல்

இந்தத் தோழமை எவ்வளவு தூரம் போகும்? 1930களில் ஒரே பள்ளியில் படித்த காதரின் ஹல், பமீலா விட்லாக் என்ற இருவரும் ஒரு இடிமழைக்கு ஒதுங்கியபோது பேச ஆரம்பித்தார்கள். இருவருக்கும் மட்டக்குதிரைப் பைத்தியம். வயது 14, 15. சேர்ந்தே ஒரு நாவல் எழுதி, புகழ் பெற்ற சிறுவர் எழுத்தாளர் ஆர்தர் ரான்சமுக்கு அனுப்பிவிட்டார்கள்! அவர் அதைப் பதிப்பகத்தில் கொடுக்க, 1937ல் 'தி ஃபார்-டிஸ்டன்ட் ஆக்சஸ்' புத்தகமாக வந்தது. எக்ஸ்மூர் மேட்டு நிலத்தில் பிள்ளைகள் குதிரைகளோடு கழிக்கும் விடுமுறைதான் கதை.

ஜோசஃபின், டயானா, கிறிஸ்டின் என்ற புல்லெய்ன்-தாம்சன் சகோதரிகள் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் குதிரையேற்றப் பள்ளியே நடத்தினார்கள். மூவரும் சேர்ந்து எழுதிய முதல் புத்தகம் 1946ல் வெளியானது. பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் குவித்தார்கள். குதிரை வாங்க வசதி இல்லாத எத்தனையோ சிறுமிகள் அந்தக் கதைகளைப் படித்துத்தான் பள்ளிகளின் வாசலுக்கு வந்தார்கள்.

ஒலிம்பிக்கில் கதவு திறக்க இன்னும் நாளானது. 1948 வரை 'டிரெஸ்ஸாஜ்' போட்டிக்கு வர ராணுவ அதிகாரியாக இருக்க வேண்டும். அந்த வருடம் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியில் ஒருவர் உண்மையில் அதிகாரி இல்லை, சார்ஜென்ட்தான் என்று தெரிந்து பதக்கத்தையே பறித்தார்கள்! 1952ல் பெண்களும் அனுமதிக்கப்பட்டபோது டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளி வென்றார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரை ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். மேடை ஏற அவருக்குக் கை கொடுத்தவர், தங்கம் வென்ற ஹென்றி செயின்ட் சிர்.

காசு இல்லாதவள் என்ன செய்வாள்?

குதிரை பணக்கார விளையாட்டுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பள்ளிகளில் ஒரு பண்டமாற்று நடந்தது. சனிக்கிழமை முழுக்க லாயம் கழுவி, லத்தி அள்ளி, புதிதாக வந்த பிள்ளைகளின் குதிரையைக் கயிறு பிடித்து நடத்தினால் மாலையில் சும்மா ஒரு சவாரி. காசு கட்டி வந்தவளும் உழைத்து வந்தவளும் அங்கே ஒரே துடைப்பத்தைப் பிடித்தார்கள். இதில் சுரண்டலும் இருந்தது. கூலி இல்லாத பிள்ளைகளின் உழைப்பில்தான் பல பள்ளிகள் கணக்கை நேர் செய்தன. ஆனால் வெளியே சந்தித்திருக்கவே முடியாத இருவர் அங்கே தோழிகள் ஆனார்கள் என்பதும் நிஜம்.

லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் 1996ல் தொடங்கிய எபனி ஹார்ஸ் கிளப், வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிறது. அடுக்குமாடிகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே 2011ல் அதற்கு லாயமும் கிடைத்தது. அங்கே கற்ற கதீஜா மெல்லா, 2019ல் குட்வுட் மைதானத்தில் பெண்களுக்கான மக்னோலியா கோப்பைப் பந்தயத்தில், ஹிஜாப் அணிந்தபடி முதலாவதாக வந்தார். அப்போது வயது 18.

ஆனால் தீனி, இன்சூரன்ஸ், நில வாடகை எல்லாம் ஏறியதில் 2018க்குப் பிறகு பிரிட்டனில் பல குதிரையேற்றப் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. பள்ளிகள் போனாலும் சொந்தக் குதிரை வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை. அவர்கள் வீட்டு லாயத்திலேயே ஏறிக்கொள்வார்கள். மறுபடியும் சம்பளத்துக்கு ஒரு குதிரைக்காரர் வந்து அங்கவடியைப் பிடிப்பார்.

எதிர்ப்பக்கம் நின்று பிடிக்க ஒரு தோழிதான் இருக்க மாட்டாள்.