பதவி ஏற்காத தலைவர்: மோண்ட்ராகோன் கூட்டுறவு புகட்டும் பாடம்

1941 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5 ஆம் நாள். ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், பாஸ்க் இன மக்கள் வாழும் மலைப் பள்ளத்தாக்குகளுள் ஒன்றில் அமைந்த மோண்ட்ராகோன் என்னும் சிற்றூருக்கு, இருபத்தைந்து வயது இளங்குரு ஒருவர் உதவிப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தார். ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியேட்டா என்பது அவர் பெயர். சிறுவயதில் நேர்ந்த விபத்தொன்றில் இடக்கண்ணை இழந்தவர். சமூகவியல் பயில வேண்டுமென்பது அவரது விருப்பம். ஆனால் ஆயர் அவரைப் பங்குப் பணிக்கு அனுப்பினார்.

வந்தவரின் மறையுரை ஊராருக்குச் சுவைக்கவில்லை. ஏற்ற இறக்கமற்ற குரல், சிக்கலான சொற்றொடர்கள். இவருக்குப் பதில் வேறொருவரை அனுப்பியிருக்கலாகாதா என்று எண்ணியோரும் உண்டு. எனினும் அந்த உதவிப் பங்குத்தந்தை 1976 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் இறக்கும்வரை அவ்வூரிலேயே பணியாற்றினார். அவர் இறந்தபோது, அவருடைய மாணவர்கள் தொடங்கிய கூட்டுறவுத் தொழிலகங்கள் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்துக்கொண்டிருந்தன. அவற்றுள் எதிலும் அவர் தலைவராகவோ மேலாளராகவோ இருந்ததில்லை.

ஓர் அமைப்பு வேரூன்றி வளர்வதற்கு எது காரணம்? பணமா, திறமையா, காலத்தின் துணையா? இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் இவற்றுக்கு முன்னதாக வேறொன்று வேண்டும் என்பதை மோண்ட்ராகோன் வரலாறு நமக்குக் காட்டுகிறது. அதே வரலாறு, அந்த வேறொன்றும் எல்லா இடர்களிலிருந்தும் காக்கவல்லதன்று என்பதையும் மறைக்காமல் சொல்கிறது.

நோக்கமே முதல் முதலீடு

அவர் வந்தபோது மோண்ட்ராகோன் எந்நிலையில் இருந்தது? 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர் ஊரை இரண்டாகப் பிளந்திருந்தது. பிராங்கோவின் படையினர் அவ்வூர்ப் பங்குத்தந்தையையே சுட்டுக் கொன்றிருந்தனர். பாஸ்க் மொழி இதழொன்றில் பணியாற்றிய அரிஸ்மெந்தியரியேட்டாவும் 1937 இல் சிறைப்பட்டு, உயிர் பிழைத்து மீண்டவர். வறுமை, நோய், வேலையின்மை, ஒருவர்மீது ஒருவர் கொண்ட ஐயம் ஆகியவை வீடுதோறும் குடிகொண்டிருந்தன.

ஊரில் பெரிய பூட்டுத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் பயிற்சிப் பள்ளியில் அங்குப் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கே இடம். பிற பிள்ளைகளுக்கும் வாயிலைத் திறந்துவிடுமாறு இளங்குரு வேண்டினார்; நிர்வாகம் இசையவில்லை. அப்படியானால் ஊரே ஒரு பள்ளியைத் தொடங்கட்டும் என்று அவர் முடிவு செய்தார். தெருமுனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. பணமோ உழைப்போ தர விரும்புவோர் அதைத் தாளில் எழுதி அவற்றுள் இடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். வாக்குரிமை பறிக்கப்பட்ட நாட்டில் அப்பெட்டிகள் வாக்குப் பெட்டிகளைப் போலவே காட்சியளித்தன. ஏறத்தாழ அறுநூறு பேர் உதவ முன்வந்தனர். 1943 ஆம் ஆண்டு அக்டோபரில் இருபது மாணவர்களுடன் தொழிற்பள்ளி தொடங்கியது.

ஈண்டு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. முதல் தொழிற்சாலை எழுந்தது 1956 இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பள்ளி எழுந்துவிட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 இல் தொழிலாளரின் உரிமை குறித்து வெளியிட்ட சுற்றுமடலும், திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931 இல் வெளியிட்ட சுற்றுமடலும் கூறும் சமூகப் படிப்பினையைத் தம் மாணவர்களோடு அவர் வாரந்தோறும் கலந்துரையாடினார். உழைப்பாளி ஒரு கருவியல்லன், மாண்புள்ள மனிதன். ஆதலால் தன் உழைப்பின் பயனிலும் அதை ஆளும் முடிவுகளிலும் அவனுக்குப் பங்கு வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். மாணவருள் பதினொருவர் பகலில் வேலை, மாலையில் படிப்பு என உழைத்து, சரகோசாப் பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதி 1952 இல் தொழில்நுட்பப் பட்டம் பெற்றனர்.

பட்டம் பெற்றோர் தாங்கள் பணிபுரிந்த தொழிற்சாலையின் பங்கு மூலதனத்தில் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ளக் கோரினர். அதுவும் மறுக்கப்பட்டது. அப்போதுதான் ஐந்து இளைஞர் வெளியேறினர். ஊரார் நூறு பேரளவில் கடனாகத் தந்த பணத்தைக்கொண்டு, நொடித்துப்போன சிறு நிறுவனம் ஒன்றையும் அதன் தொழில் உரிமத்தையும் வாங்கினர். ஐவர் பெயர்களின் எழுத்துகளையும் கோத்து உல்கோர் என்று அதற்குப் பெயரிட்டனர். 1956 இல் மோண்ட்ராகோனில் மண்ணெண்ணெய் அடுப்பு செய்யும் சிறு தொழிற்கூடம் இயங்கத் தொடங்கியது.

விழுமியங்கள் விதிகளாயின

உயர்ந்த கொள்கைகளைச் சொல்லாத அமைப்பு உலகில் இல்லை. அவை பெரும்பாலும் முகப்புச் சுவரில் பொன்னெழுத்தில் மின்னும், கணக்கேட்டில் காணப்படா. மோண்ட்ராகோன் இளைஞர்களோ தங்கள் விழுமியங்களைக் கணக்கேட்டிலேயே எழுதிவைத்தனர்.

சமத்துவம் என்றார்கள்; ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அதன் விதி. ஆயிரம் உறுப்பினர் கூடும் பொதுப்பேரவை ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுக்கும்; ஆட்சிக்குழு மேலாளரை அமர்த்தும்; தேவையாயின் நீக்கும். தோழமை என்றார்கள், மிகக் குறைந்த ஊதியம் பெறுபவரைவிட மிக உயர்ந்த ஊதியம் பெறுபவர் மூன்று மடங்குக்குமேல் பெறலாகாது என்பது அதன் விதி. பொறுப்பு என்றார்கள், உறுப்பினராகச் சேரும் ஒவ்வொருவரும் தம் பங்கு முதலைச் செலுத்த வேண்டும், அதைக் கட்ட இயலாதோர் மாத ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டலாம் என்பது அதன் விதி. ஊர் நலம் என்றார்கள். உபரியில் குறைந்தது பத்து விழுக்காடு கல்விக்கும் சமூகப் பணிக்கும் செல்ல வேண்டும் என்பது அதன் விதி. உறுப்பினரின் பங்கு உபரி அவரவர் பெயரில் வரவு வைக்கப்படும். ஆனால் பணி ஓய்வு பெறும்வரை அது தொழிலுக்கே பயன்படும்.

தனக்கு ஊறு விளைவிக்கும் நேரத்திலும் ஒருவனைக் கட்டுப்படுத்துவதே விதி. அவ்விதியாக மாறாத விழுமியம் வெறும் விருப்பமாகவே நின்றுவிடும். பிற்காலத்தில் திறமைமிக்க மேலாளரை ஈர்க்கும் பொருட்டு ஊதிய விகிதம் நான்கரை மடங்காகவும் பின்னர் ஆறு மடங்காகவும் உயர்த்தப்பட்டது உண்மையே. அதனைக் கொள்கைத் தளர்வு என்று வருந்தியோர் உளர். ஆயினும் அம்மாற்றம் மூடிய அறையில் சிலரால் செய்யப்படவில்லை. உறுப்பினரின் வாக்கெடுப்பினால் நிகழ்ந்தது.

பதவியில்லாத் தலைமை

1950களின் இறுதியில் அரிஸ்மெந்தியரியேட்டா புதியதொரு யோசனையை முன்வைத்தார்: நாமே ஒரு வங்கியைத் தொடங்குவோம். அடுப்புச் செய்யத் தெரிந்த எங்களுக்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர் தயங்கினர். அவரோ, ஊராரின் சேமிப்பு வேறெங்கோ சென்று வேறெவர்க்கோ பயன்படுவதையும், நம் தொழிலகங்கள் முதலின்றித் தவிப்பதையும் எடுத்துக்காட்டினார். 1959 இல் காஹா லபோரல் என்னும் மக்கள் சேமிப்பு வங்கி பிறந்தது. கூட்டுறவு உறுப்பினர் உரிமையாளராகக் கருதப்பட்டதால் அரசின் சமூகக் காப்புத் திட்டத்தில் அவர்களுக்கு இடமில்லாது போயிற்று. அக்குறையைத் தீர்க்க லாகுன் அரோ என்னும் தற்காப்பு நிதியமும் எழுந்தது.

இவ்வங்கியில் ஒரு நுட்பத்தைக் காண்கிறோம். வங்கி ஊழியரின் ஆதாயப் பங்கு வங்கியின் இலாபத்தைப் பொறுத்ததன்று. அதனோடு இணைந்த தொழிற்கூட்டுறவுகள் ஈட்டும் ஆதாயத்தைப் பொறுத்தது. தொழிலகங்களை வாட்டி வங்கி மட்டும் கொழுக்க இயலாதபடி இவ்வேற்பாடு காத்தது. வங்கி கடன் கொடுத்ததோடு நில்லாமல், புதிய கூட்டுறவுகளை உருவாக்கி அவற்றுக்கு வழிகாட்டவும் தனிப்பிரிவு ஒன்றை வைத்திருந்தது.

யோசனை அவருடையது, பொறுப்போ மற்றவருடையது. அவர் ஆலோசகராகவே இருந்துகொண்டார். உதவிப் பங்குத்தந்தையின் எளிய வாழ்வை அவர் விடவில்லை. ஊரில் மிதிவண்டியில் சுற்றினார். ஒருவர் இல்லாவிடில் நின்றுபோகும் பணியை அவர் தலைமை என்று கருதவில்லை. அவர் மறைந்த பின்னும் கூட்டுறவுகள் வளர்ந்தன. 1987 இல் முதற் பேராயம் கூடிப் பத்து அடிப்படைக் கொள்கைகளை ஏற்றது. 1997 இல் மோண்ட்ராகோன் பல்கலைக்கழகம் உருப்பெற்றது. அதன் வேர் 1943 இன் அந்த இருபது மாணவர் பள்ளியே.

பொன்னும் நெருப்பும்

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் அது பாதி வரலாறே ஆகும். 1974 இல் உல்கோர் தொழிலகத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு மதிப்பு என்று மறுமதிப்பீடு செய்ததே காரணம். உரிமையாளராகவும் உழைப்பாளராகவும் இருப்போர் தமக்கெதிராகத் தாமே வேலைநிறுத்தம் செய்வதா என்றனர் ஒரு சாரார். வாக்குரிமை இருந்தும் எங்கள் குரல் மேலே எட்டவில்லையே என்றனர் மறு சாரார். பதினேழு பேர் நீக்கப்பட்டனர். பொதுப்பேரவையும் அதை உறுதிசெய்தது. நீக்கப்பட்டோரை மீண்டும் ஏற்கப் பேரவை இசைவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. ஒருவர் முகம் ஒருவர் அறியாத அளவுக்கு அமைப்பு பெருத்தால், விதிகள் இருந்தும் உறவு வறண்டுபோகும் என்னும் பாடத்தை அவர்கள் வலியோடு கற்றனர்.

1980களில் பாஸ்க் நாட்டின் தொழில்கள் சரிந்து, உழைக்கும் வயதினரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையின்றி நின்றனர். அப்போது கூட்டுறவு உறுப்பினர் தங்கள் ஊதியத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ள வாக்களித்தனர். நலிந்த கூட்டுறவின் உறுப்பினரை வலுவுள்ளவை ஏற்றன. கொள்கை சோற்றுக்கு உதவுமா என்று கேட்போருக்கு அக்காலம் விடையளித்தது.

ஆனால் 2013 இல் வந்த அடி பெரிது. முதல் மகவாகிய உல்கோர் காலப்போக்கில் ஃபாகோர் என்னும் வீட்டுச் சாதன நிறுவனமாக வளர்ந்திருந்தது. 2005 இல் பிரான்சின் பிராண்ட் நிறுவனத்தைப் பெருங்கடனில் வாங்கியது. 2008 இன் பொருளாதார நெருக்கடியில் வீடு கட்டும் தொழில் வீழ்ந்தது. குளிர்பதனப் பெட்டியும் அடுப்பும் தேங்கின. தோழமைக் கூட்டுறவுகள் பலமுறை கைகொடுத்தன. இறுதியில் மேலும் உதவ மறுத்தன. ஃபாகோர் நொடித்தது. அதன் பாஸ்க் உறுப்பினருள் பெரும்பாலோர் பிற கூட்டுறவுகளில் இடமோ முன்கூட்டிய ஓய்வோ பெற்றனர். ஆனால் போலந்திலும் பிரான்சிலும் இருந்த தொழிலாளர்கள் உறுப்பினரல்லர். அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. நம்பிக் கடனீடு வாங்கிய சிறுசேமிப்பாளரும் இழப்புக்கு ஆளாயினர்.

உழைப்பாளி கருவியல்லன் என்று பள்ளத்தாக்கில் முழங்கிய கொள்கை, எல்லை கடந்ததும் ஏன் ஊமையாயிற்று? மோண்ட்ராகோன் அன்பர்களே தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வி இது. சந்தைப் போட்டி அவ்வளவு கடுமையானது என்பர் சிலர். வெளிநாட்டில் கூட்டுறவுச் சட்டமும் பண்பாடும் வேறு என்பர் வேறு சிலர். இவற்றில் உண்மை உண்டு. ஆயினும் தன் உறுப்பினரை மட்டுமே மனிதராகக் காணும் நிலைக்கு எந்த நல்ல அமைப்பும் நழுவக்கூடும் என்பதும் உண்மையே. 2022 இன் இறுதியில் உல்மா, ஒரோனா என்னும் இரு பெரிய கூட்டுறவுகள் வாக்கெடுப்பின் வழியே கூட்டமைப்பிலிருந்து விலகின. இருப்பினும் ஏறத்தாழ எண்பது கூட்டுறவுகளும் எழுபதாயிரம் தொழிலாளரும் கொண்டதாக மோண்ட்ராகோன் இயங்கி வருகிறது.

நமக்குரிய கேள்வி

2015 ஆம் ஆண்டு டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், அரிஸ்மெந்தியரியேட்டா வீரத்துவ நற்பண்புகளோடு வாழ்ந்தவர் என ஏற்று, அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார். திருச்சபை போற்றியது அவருடைய தொழிலகங்களின் வருவாயையன்று. அவர் வாழ்ந்த வாழ்வை.

அன்பு வாசகரே, நம் பங்குகளிலும் சபைகள், சங்கங்கள், சேமிப்புக் குழுக்கள், கல்விக் கூடங்கள் எனப் பல அமைப்புகள் உள்ளன. அவற்றைத் தொடங்கியோர் எதற்காகத் தொடங்கினர் என்பதை இன்று அவற்றின் உறுப்பினர் அறிவரா? அவை போற்றும் விழுமியங்களுள் எத்தனை, கணக்கேட்டிலும் தேர்தல் விதியிலும் இடம்பெற்றுள்ளன? தலைவர் நாளையே விலகினால் பொறுப்பேற்க ஆள் ஆயத்தமா? அவ்வமைப்பில் உழைத்தும் உறுப்பினராகாத எளியோர் யாரேனும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனரா?

மறையுரையாற்ற வராத அந்தக் குருவானவர், தெருமுனையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு, ஊராரிடம் அவர்களால் என்ன தர இயலும் என்று கேட்டார். அறுநூறு பேர் விடையெழுதினர். அதே பெட்டியை நம் தெருமுனையில் வைத்தால், நாம் என்ன எழுதி உள்ளே இடுவோம்?