திண்ணையும் கட்-ஆஃபும்

எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை மேலே படிக்க ஆசைப்பட்டால் பெற்றவர்கள் கேட்ட முதல் கேள்வி, “யாரைப் போய்ப் பார்க்கணும்?” என்பதுதான். அதே வீட்டின் பேத்திக்காக இன்று கேட்கிற கேள்வி, “கட்-ஆஃப் எவ்வளவு வரும் டீச்சர்?” காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான், இந்த இரண்டு கேள்வியையும் கேட்டு வளர்ந்தவள். முதலாவது என் அப்பாவுடையது. இரண்டாவது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் இன்றும் எனக்குப் போன் போட்டுக் கேட்பது.

செட்டிநாட்டில் பரீட்சை மார்க்குக்கு வேலையே இல்லாத காலம் ஒன்று உண்டு. பர்மா, மலாயா, இலங்கை என்று வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் செட்டியார் வீடுகளில், பையன் எழுத்தும் வாய்பாடும் கற்று முடித்ததும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறுவான். பிறகு அடுத்தாள் ஆவான், திறமை இருந்தால் மேலாள். ஆளைத் தேர்ந்தெடுக்க உறவும் ஊரும் நம்பிக்கையும் போதும். மாகாணி, அரைக்கால், வீசம் என்று மனக்கணக்குப் போடத் தெரிந்ததா, வருஷ முடிவில் ஐந்தொகை நேராக வந்ததா என்பதுதான் சோதனை. அந்த வீடுகளில் கணக்கெழுதியவர்கள், சமையல் பார்த்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனைகூடக் கிடையாது. அவர்கள் அப்பன் வேலையை அப்படியே தொடர்ந்தார்கள்.

அந்த ஏற்பாடு உடைந்த கதை எல்லோருக்கும் தெரியும். எண்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் அடமான நிலங்கள் வந்து சேர, 1938-இல் அது 25 சதவீதமாயிற்று. 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. போர் முடிந்து விடுதலை பெற்ற பர்மா, 1948-இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. கடல் தாண்டிப் போய்ப் பிழைக்கும் வழி அடைபட்டதும், படிப்பு என்ற வழியைப் பற்றிப் பெரிய வீடுகளும் சிறிய வீடுகளும் ஒரே நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தன.

அந்த நேரத்தில் வந்தவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். 1909-இல் பிறந்து, 48 வயதுகூட நிறையாமல் 1957-இல் காலமானவர். 1947-இல் காரைக்குடி காந்தி மாளிகையில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின் வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இடையில் 1952-இல் பொறியியல் கல்லூரி வந்தது. வெளியூர் போனால்தான் கல்லூரி என்றிருந்த பிள்ளைகளுக்கு, சைக்கிள் தூரத்தில் கல்லூரி கிடைத்தது.

கல்லூரி பக்கத்தில் வந்ததே தவிர, சம்பளம் கட்ட வேண்டியிருந்தது. என் தாத்தா ஒரு பெரிய வீட்டில் கணக்கப்பிள்ளை. அப்பா பள்ளிப் படிப்பை முடித்ததும் மார்க் புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு தாத்தாவும் அவருமாகக் கிளம்பினார்களாம். முகப்புத் திண்ணையில் உட்கார மாட்டார்கள், தூணோரம் நிற்பார்கள். உள்ளே வளவிலிருந்து ஆச்சி, “பிள்ளைக்கு மொதல்ல சோறு போடுங்கப்பா” என்று குரல் கொடுப்பார். சாப்பிட்ட பிறகு முதலாளி வருவார். மார்க்கைப் பார்ப்பார், ‘இன்னார் மகன்தானே’ என்று கேட்பார், கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார். அப்பாவின் நாலு வருஷப் படிப்பும் அந்தக் கடிதத்தில் நடந்தது.

கொடுத்தவர் நல்ல மனிதர். வாங்கியவர்கள் நன்றி மறக்கவில்லை. ஆனாலும் அப்பா கடைசி வரைக்கும் அந்தத் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கே அது சங்கடமாக இருந்திருக்கும். அவராக எடுத்துக்கொள்வார். இதை நான் தர்மத்தின் மேல் குறையாகச் சொல்லவில்லை. ஒருவர் முகம் பார்த்துப் பெறுகிற படிப்பு, பெற்றவரிடம் என்ன விட்டுப்போகிறது என்பதற்காகச் சொல்கிறேன். தாத்தா அந்த வீட்டில் வேலை பார்க்காதிருந்தால் அப்பாவுக்குக் கடிதம் கிடைத்திருக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. அதே மார்க் எடுத்த எத்தனையோ பையன்களுக்குப் ‘பார்க்க வேண்டிய ஆள்’ தெரியாது.

முகத்துக்குப் பதில் மார்க் என்ற ஏற்பாடு டெல்லியிலிருந்து மெதுவாக வந்தது. மத்திய அரசு 1961-இல், பொதுத்தேர்வு மார்க் வரிசைப்படி கொடுக்கும் தேசியத் திறன் உதவித்தொகையை ஆரம்பித்தது. 1963-இல் தேசிய அறிவியல் திறனறித் தேர்வு டெல்லியில் தொடங்கியது. அதுவே பின்னால் எல்லாப் பாடங்களுக்கும் விரிந்து, 1977 வாக்கில் தேசியத் திறனறித் தேர்வாயிற்று. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த 70-களில், ரிசல்ட் என்றால் பேப்பரில் வரும் பொடி எழுத்து நம்பர்தான். பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டு இறங்குகிற இடத்தில் தகப்பன்மார் கூடி நிற்பார்கள். நம்பர் இருந்தால் பாஸ். உதவித்தொகை உண்டா இல்லையா என்பது பல மாதம் கழித்துப் பழுப்பு நிறக் கவரில் வரும். எவ்வளவு மார்க்குக்குக் கொடுத்தார்கள் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கிடைத்தால் முருகன் அருள், கிடைக்காவிட்டால் தலையெழுத்து.

எல்லைக்கோடு என்ற ஒன்று எங்கள் ஊரில் பேச்சாக மாறியதற்கு மாவட்டப் பிரிவினையும் ஒரு காரணம். 1985-இல் பழைய ராமநாதபுரம் பிரிந்து, இன்றைய சிவகங்கை மாவட்டம் உண்டானது. 1991-இல் மாநில அரசு ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு ஆணையிட்டது. கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கானது அது. மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய். தனி மாவட்டமானதால் எங்களுக்கென்று தனியாக நூறு இடம். பெண்களுக்குச் சரிபாதி என்று ஆணையிலேயே எழுதியிருந்ததை, அன்றைக்கு ஆசிரியர் அறையில் நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தோம்.

செட்டிநாட்டு ஊர்களோ இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் தேவகோட்டையும் சிவகங்கை. ராயவரமும் கோனாப்பட்டும் நச்சாந்துபட்டியும் புதுக்கோட்டை. ஒரே கோயில், ஒரே சந்தை, ஒரே பஸ். ஆனால் பிள்ளைகள் போட்டியிடுவது வேறு வேறு பட்டியலில். இந்தப் பக்கத்துப் பள்ளியில் வருகிற மார்க்குக்கு அந்தப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கும், அல்லது நேர்மாறாக. நகராட்சி எல்லைக்குள் இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கோ அந்தத் தேர்வே கிடையாது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகிச் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகள் சேர்க்கப்பட்டபோது, வீட்டு வரி எவ்வளவு ஏறும் என்று எல்லோரும் பேசினார்கள். ‘எங்க பள்ளிக்கூடம் இனிமே கிராமமா டவுனா?’ என்று கேட்ட அம்மா ஒருத்தியைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

இன்று காத்திருப்பின் பெரும்பங்கு, 2008-இல் வந்த தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைக்கானது. எட்டாம் வகுப்பில் எழுதுகிற தேர்வு. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டின் பங்கு 6,695. தொடக்கத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2017 முதல் 12,000. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 48,000. வருமான வரம்பு உண்டு. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. எண் தொடர், கண்ணாடி பிம்பம், கடிகாரக் கணக்கு, குறியீட்டு மொழி என்று சனிக்கிழமைகளில் நாங்கள் சொல்லிக்கொடுப்போம். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பப் பழக்குவதற்கே தனி வகுப்பு வேண்டும்.

பலகாரக் கடையில் கை முறுக்குச் சுற்றுகிற ஒரு பெண் எனக்குத் தெரிந்தவள். மகள் தேர்வெழுதிய வருஷம், மார்க் வந்த அன்று மதியமே போன் செய்தாள்.

“நூத்திப்பத்து எடுத்திருக்கா டீச்சர். பாஸ் மார்க் எழுவத்திரெண்டுன்னாங்களே. அப்ப பணம் வந்துரும்ல?”

அவளுக்கு விளக்குவது எளிதாக இல்லை. இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180-க்கு 72 எடுத்தால் தகுதி. பட்டியலினப் பிள்ளைகளுக்கு 32 சதவீதம். ஆனால் தகுதி வேறு, தேர்வு வேறு. தகுதி பெற்றவர்களை மார்க் வரிசையில் நிறுத்தி, இடஒதுக்கீட்டின்படி இடம் முடிகிற வரைக்கும் எடுப்பார்கள். கடைசி இடம் யாருக்குப் போகிறதோ அவருடைய மார்க்தான் கட்-ஆஃப். அதை முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. போன வருஷத்து எண்ணை வைத்துச் சொல்வது ஜோசியம். பட்டியல் வந்ததும் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தோம். அவள் மகள் பெயர் இல்லை.

“அப்ப எம் மக சரியாப் படிக்கலையா டீச்சர்?”

“இல்லத்தா. இடம்தான் பத்தல.”

இந்தத் தவிப்பு எங்கள் ஊருக்கு மட்டுமானதில்லை. எங்கள் ஊராரின் வட்டிக்கடைகள் இருந்த இலங்கையில், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாவட்டவாரியாக வெட்டுப்புள்ளி போடுகிறார்கள். அமெரிக்காவில் 1955-இல் ஆரம்பித்த நேஷனல் மெரிட் உதவித்தொகையில், முழு மதிப்பெண் 228. அரையிறுதிக்கான கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூஜெர்சியில் ஐ.டி. வேலை பார்க்கும் காரைக்குடிக்காரர்கள், அடுத்த மாநிலத்தில் வீடு வாங்கியிருந்தால் பிள்ளை தேறியிருப்பானே என்று செப்டம்பரில் புலம்புகிறார்கள். வசதி வேறு, கணக்கு ராயவரம், கானாடுகாத்தான் கணக்கேதான்.

அப்பாவின் செருப்பை நினைத்துப் பார்க்கும்போது, கட்-ஆஃப் எவ்வளவோ மேல் என்பேன். முறுக்குச் சுற்றுகிறவள் எந்தத் தூணோரமும் நிற்கவில்லை. அவள் மகள் ‘இன்னார் மகளா’ என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் எல்லைக்கோட்டை இழுப்பது பிள்ளையின் அறிவு அல்ல, அரசு ஒதுக்கும் இடங்களின் எண்ணிக்கை. 2017-இல் வைத்த மாதம் ஆயிரம் இன்னும் ஆயிரமாகவே இருக்கிறது. தேசியத் திறனறித் தேர்வு 2021-க்குப் பிறகு நடக்கவே இல்லை. மாநில அரசு 2022-இல் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வையும், 2023-இல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வையும் கொண்டுவந்திருக்கிறது. முதலாவதில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய். மற்றதில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 10,000. நல்லதுதான், ஆனால் போதாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பட்டியலில் பெயர் வந்த பிள்ளைக்கு வங்கிக் கணக்கையும் ஆதாரையும் உடனே சரிசெய்துவிடுங்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தால் உதவித்தொகை நின்றுபோகும். பெயர் வராத பிள்ளையிடம் அடுத்தடுத்த தேர்வுகளின் தேதியைச் சொல்லுங்கள். தகுதி மார்க் வாங்கிய பிள்ளையைத் தோற்ற பிள்ளை என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லாதீர்கள்.