ரிச்சர்டு ஹென்றி: தோல்வியில் முடிந்த ஒரு பணியின் வரலாறு

1894ஆம் ஆண்டு, நியூசிலாந்தின் தென்மேற்கு மூலையில், மழை ஓயாத ஃபியோர்ட்லாந்து கடலோரத்தில், ரிச்சர்டு ஹென்றி என்னும் அயர்லாந்துக்காரர் அரசுப் பணியில் அமர்ந்தார். ரெசல்யூஷன் தீவின் காவலர் என்பது அவரது பதவி. பறக்க இயலாத பறவைகளை எதிரிலுள்ள பெருநிலத்தில் பிடித்து, ஆளில்லாத அத்தீவில் கொண்டுபோய் விடுவதே வேலை. அப்பறவைகளுள் முதன்மையானது காக்காபோ.

தமிழ்க் காதுக்குக் காக்கையை நினைவூட்டும் இப்பெயருக்கும் காக்கைக்கும் தொடர்பில்லை. மாவோரி மொழியில் 'காக்கா' என்பது கிளி. 'போ' என்பது இரவு. இரவில் நடமாடும் இப்பறவையே உலகின் மிக எடை கூடிய கிளி. ஆண்பறவை 4 கிலோ வரை இருக்கும். வௌவால்களைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டிகள் இல்லாதிருந்த நாட்டில், அதன் பகைவர் வானிலிருந்து கண்ணால் வேட்டையாடிய பறவைகளே. ஆகவே ஆபத்து நெருங்கினால் அசையாமல் நின்றுவிடுவது அதன் தற்காப்பாயிற்று. பாசிப்பச்சை நிறச் சிறகு அதனை மறைத்துவிடும். ஆனால் அதன் உடலிலிருந்து எழும் நறுமணத்தை மறைக்க வழியில்லை. மோப்பம் பிடித்து வரும் விலங்கின் முன் அசையாது நிற்பது சாவுக்கே வழிவகுத்தது.

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் குடியேறிய மாவோரிகளுடன் எலியும் நாயும் வந்தன. ஐரோப்பியர் கொண்டுவந்த முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலங்களை அழித்தபோது, அவற்றைக் கட்டுப்படுத்த 1880களில் ஸ்டோட் என்னும் விலங்கு இறக்குமதி செய்யப்பட்டது. கீரியை ஒத்த மெல்லிய உடல், மரமேறும் திறன், நீந்தும் ஆற்றல், தீராத வேட்டைவெறி ஆகியவை கொண்டது அது. பறவையியலாளர்கள் எச்சரித்தும் பயனில்லை. முயலைவிடத் தரையில் கூடுகட்டும் பறவையைப் பிடிப்பது அதற்கு எளிது. ஒரே அரசு ஒருபுறம் ஸ்டோட்டைக் காட்டில் விட்டது; மறுபுறம் 1891இல் ரெசல்யூஷன் தீவைப் பறவைகளுக்கென ஒதுக்கியது.

ஹென்றி கல்லூரியில் கற்ற அறிவியலாளர் அல்லர். வாய்ப்பூட்டு இட்ட நாயின் துணையோடு பறவைகளைத் தேடிப் பிடித்தார். கூண்டிலிட்டுச் சிறுபடகில் ஏற்றி, அலைமிகுந்த நீரிணையைக் கடந்தார். ஆறே ஆண்டுகளில் காக்காபோக்களும் கிவிகளுமாகப் பல நூறு பறவைகள் தீவை அடைந்தன. காக்காபோ எல்லா ஆண்டுகளிலும் இனம்பெருக்குவதில்லை என்பதையும் அவர் கண்டறிந்து எழுதினார். ரிமு முதலிய மரங்கள் மிகுதியாகக் காய்க்கும் பருவங்களிலேயே அது முட்டையிடுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின.

1900ஆம் ஆண்டில் ரெசல்யூஷன் தீவிலேயே ஸ்டோட் தென்பட்டது. பெருநிலத்தையும் தீவையும் பிரித்த குறுகிய நீரிணையை அது நீந்திக் கடந்திருந்தது. தாம் ஒவ்வொன்றாகச் சுமந்து சேர்த்த பறவைகளுக்கு அங்கே பாதுகாப்பில்லை என்பதை ஹென்றி உணர்ந்தார். 1908இல் அவ்விடத்தை விட்டு நீங்கினார், 1929இல் மறைந்தார். அவரது உழைப்பு வீண் என்றே அன்று தோன்றியது.

1970களில் ஃபியோர்ட்லாந்தின் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் தேடியவர்களுக்குக் கிடைத்தவை ஆண் காக்காபோக்கள் மட்டுமே. 1975இல் அங்கே பிடிபட்ட முதிய பறவை ஒன்றுக்கு 'ரிச்சர்டு ஹென்றி' என்று பெயரிட்டனர். 1977இல் தெற்கே ஸ்டுவர்ட் தீவில் மேலும் பல காக்காபோக்கள் இருப்பது தெரியவந்தது. ஆனால் காட்டுப்பூனைகள் அவற்றைக் கொன்றுகொண்டிருந்தன. அப்போது கையாண்ட வழி ஹென்றி காட்டிய வழியே: பறவைகளைப் பிடித்து, கொன்றுண்ணிகள் இல்லாத தீவுகளுக்கு மாற்றுவது. இம்முறை ஸ்டோட் எளிதில் நீந்தி எட்டமுடியாத தீவுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கோட்ஃபிஷ் தீவு அவற்றுள் ஒன்று.

1995இல் எஞ்சியிருந்தவை 51 மட்டுமே. அவற்றுள் ஃபியோர்ட்லாந்தின் மரபுக்கூறுகளை ஏந்திய ஒரே பறவை 'ரிச்சர்டு ஹென்றி'. 1998இல் மாட் தீவில், ஃப்ளாசி என்னும் ஸ்டுவர்ட் தீவுப் பெண்பறவையோடு இணைந்து அது மூன்று குஞ்சுகளுக்குத் தந்தையாயிற்று. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கி வலுவிழந்திருந்த கூட்டத்துக்கு அம்மூன்றும் புதிய மரபு வளம் சேர்த்தன. அம்முதிய பறவை 2010 டிசம்பரில் இறந்தது.

2022இல் காக்காபோக்களின் எண்ணிக்கை 252ஆக உயர்ந்தது. அதற்கடுத்த ஆண்டு, 47 கிலோமீட்டர் வேலி சூழ்ந்த மௌங்காடவுடரி மலைக்காட்டில் சில ஆண்பறவைகள் விடப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின் காக்காபோ மீண்டும் பெருநிலத்தில் நடமாடியது. மரமேறுவதில் தேர்ந்த அவற்றுள் சில வேலியைத் தாண்டி வெளியேறியதால், காவலர்கள் தேடிப் பிடிக்க நேர்ந்தது. பறவையின் பின்னே காட்டில் அலையும் வேலை இன்னும் முடியவில்லை. அவ்வேலையைத் தொடங்கிவைத்தவர், அது பலித்ததைக் காணாமலே மறைந்தார். அவர் தோற்றது வழியில் அன்று, நீரிணையின் அகலத்தில்.