குனா என்னும் நாணயம்

நாணயம் சேகரிப்போர் பெரும்பாலும் பழமையையே நாடுவர். உரோமப் பேரரசன் ஒருவனின் தலை பொறித்த செப்புக்காசு கைக்கு வந்தால் அதற்கே பெருமை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ஓர் இளம் நாட்டின் சில்லறைக் காசுகளும் வரலாற்று மாணவர்க்குப் பெரிதும் பயன்படக்கூடும். பால்கன் பகுதியைச் சேர்ந்த குரோவாசியாவின் குனா நாணயங்களை அதற்குச் சான்றாகக் காட்டலாம். (தம்மைப் பால்கன் நாட்டினர் என்று அழைப்பதைக் குரோவாசியர் பலர் விரும்புவதில்லை என்பது வேறு செய்தி.)

யூகோசிலாவியக் கூட்டரசின் உறுப்பாயிருந்த இந்நாடு 1991 ஜூன் 25-ஆம் நாள் தன் விடுதலையை அறிவித்தது. போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த குரோவாசியத் தினார் ஓர் இடைக்கால ஏற்பாடே. தாளாக மட்டும் வழங்கிய அதற்குக் காசு வடிவம் வாய்க்கவேயில்லை. விலைவாசி ஏற ஏறத் தாள்களில் சுழிகளும் பெருகி, ஓர் இலட்சம் தினார்த் தாள் வரை வந்தன. 1994 மே 30-இல், ஆயிரம் தினாருக்கு ஒரு குனா என்ற கணக்கில் புதுப்பணம் புழக்கத்திற்கு வந்தது. அப்பொழுதும் போர் முற்றும் ஓய்ந்தபாடில்லை.

குனா என்பது மார்ட்டென் என்னும் சிறு விலங்கின் பெயர். நீண்ட உடலும் அடர்ந்த மென்மயிரும் உடையது. இடைக்காலத்தில் சிலாவோனியா மக்கள் இதன் தோலையே வரியாகச் செலுத்தினர். 13-ஆம் நூற்றாண்டில் அங்கு 'பான்' எனப்பட்ட ஆளுநர் வெளியிட்ட வெள்ளிக்காசில் இவ்விலங்கின் உருவத்தைக் காணலாம்.

பெயரின் வரலாறு இத்துடன் நின்றிருந்தால் பூசல் எழுந்திராது. 1941 முதல் 1945 வரை, நாசி ஜெர்மனியின் துணையோடு அங்கு ஆண்ட உஸ்தாஷா ஆட்சியும் தன் பணத்திற்குக் குனா என்றே பெயரிட்டிருந்தது. செர்பியரையும் யூதரையும் ரோமா மக்களையும் யாசெனோவாச் முதலிய முகாம்களில் கொன்று குவித்த ஆட்சி அது. ஆதலின் அப்பெயர் மீண்டபொழுது செர்பியச் சிறுபான்மையினரும் பிறரும் மனம் வருந்தி எதிர்த்தனர். ஆதரித்தோரோ வெள்ளிக்காசைச் சுட்டினர். இரு சாராரும் வரலாற்றையே துணைக்கு அழைத்தனர். எனினும், முகாம்களில் உற்றாரை இழந்தவர்க்கு எழுநூறாண்டுப் பழமை ஆறுதலாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனிக் காசுகளைக் காண்போம். ஒரு குனாவுக்கு நூறு லிபா. லிபா என்றால் லிண்டன் மரம். லிபாக் காசுகளில் மக்காச்சோளம், திராட்சை, ஓக், புகையிலை, ஆலிவ் எனத் தாவரங்கள் இடம்பெற்றன. ஐம்பது லிபாவில் வெலெபித் மலைப்பகுதிக்கே உரிய டெகேனியாச் செடி. குனாக் காசுகளிலோ பாடும் நைட்டிங்கேல், சூரை மீன், பழுப்புக் கரடி. சேகரிப்போரை ஈர்ப்பது இன்னொன்று: ஒற்றைப்படை ஆண்டுக் காசுகளில் இவ்வுயிர்களின் பெயர் குரோவாசிய மொழியிலும், இரட்டைப்படை ஆண்டுக் காசுகளில் இலத்தீனிலும் பொறிக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு வகையிலும் இரண்டேனும் வேண்டும். ஒன்று, இரண்டு லிபாக் காசுகள் கடைத்தெருவில் அரிதாகவே புழங்கின. அவற்றைத் தேடித்தான் பெறவேண்டும்.

2023 ஜனவரி முதல் நாள் குரோவாசியா யூரோவை ஏற்றது. 7.5345 குனாவுக்கு ஒரு யூரோ என்பது மாற்று விகிதம். குனாக் காசுகளை மாற்றிக்கொள்ள 2025 டிசம்பர் இறுதிவரை தவணை அளிக்கப்பட்டது. குரோவாசியாவின் ஒரு யூரோக் காசில் அதே மார்ட்டென் மீண்டும் இடம்பெற்றது. அதன் முதல் வரைவு ஒருவர் எடுத்த புகைப்படத்தை ஒத்திருப்பதாகக் குறை எழவே, 2022-இல் அது கைவிடப்பட்டு வேறு வரைவு தேர்ந்தெடுக்கப்பட்டது. குனா வரிசையைத் திரட்டுவோர் இறுதியில் இந்த யூரோக் காசையும் சேர்த்துவைத்தல் பொருந்தும்.