காமாலை போனாலும் கிருமி போகாது

கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காமாலை இறங்கிவிட்டால், ஆலத்தியூர் பக்கம் அதோடு மறந்துவிடுவோம். ஹெபடைட்டிஸ் பி மறக்காது.

1965-ல் ப்ளம்பெர்க் குழு அறிவித்த ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ இந்த வைரஸின் மேலுறைதான். 1988-ல் அவரும் சென்னைப் பல்கலைக்கழக தியாகராஜனும், கீழாநெல்லி கொடுத்த பலரிடம் அது மறைந்ததாக லான்செட்டில் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. மேலுறை மறைந்தாலும், வைரஸின் டி.என்.ஏ. கல்லீரல் செல்லுக்குள் தங்கிவிடும். அதை அடக்கி வைப்பது நம் எதிர்ப்பு சக்தி.

வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல் தொடங்கிய எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் அந்தக் காவலே அழிகிறது. மாதங்கள் கழித்துக்கூட வைரஸ் எழுந்து கல்லீரலைச் சாய்க்கலாம். அதனால் முன்கூட்டியே ‘கோர்’ ஆன்டிபாடி சோதனை; பழைய தொற்றின் தடம் தெரிந்தால் என்டெகாவிர் போன்ற மாத்திரை. எப்பவோ வந்த காமாலைதானேன்னு விடாமல், டாக்டரிடம் சொல்லிடுங்க.