அண்ணாவி

அண்ணாவி: ஆசான், மூத்தவர். ‘அண்ணன்’ என்ற உறவுச்சொல்லின் இனம். திண்ணையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவரும் கூத்துப் பழக்குபவரும் அண்ணாவியார்தான். இலங்கையின் புத்தளம், கற்பிட்டிக் கரையோரக் கத்தோலிக்கரிடம் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் குருமாருக்குத் தடை இருந்தபோது, செபமாலை சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்து, சாகக்கிடந்தவர் தலைமாட்டில் மன்றாடியவர் அண்ணாவியாரே. 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்து, 1690இல் புத்தளத்தில் பணியாற்றிய புனித யோசேவாஸ் முனிவர், தாம் அடுத்த ஊருக்குப் போனபின் விசுவாசம் அணையாமலிருக்க மூப்பரையும் அண்ணாவியாரையுமே நம்பினார். சிங்களக் கத்தோலிக்கர் அண்ணாவியாரை ‘அண்ணாவிராள’ என்பர். குருப்பட்டம் பெறாத ஒருவருக்கு ஊரே கொடுத்த பட்டம் இது.