புலியைச் சாய்க்கும் சிங்கம்: ஒரு பதக்கத்தை எப்படிப் படிப்பது?

ஏரியூர்ல உட்கார்ந்து பேசுறேன். இந்தத் தருமபுரிப் பக்கம், அன்னைக்குப் பாரமகால், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் திப்பு கையிலிருந்து கம்பெனிக்குப் போச்சு. ஏழு வருஷத்துல, 1799 மே 4-ல், கோட்டையும் விழுந்தது. திப்பு இறந்தார். கம்பெனி அதுக்கு ஒரு பதக்கம் அடிச்சது. ஒரு பக்கம் சிங்கம் புலியைச் சாய்க்குது. புலி யாருன்னு நான் சொல்லணுமா என்ன!

பழைய ராணுவப் பொருள் சேகரிக்கிறவங்க முதல்ல இதை அளப்பாங்க. குறுக்களவு சுமார் 48 மில்லிமீட்டர்னா பர்மிங்காம் சோகோ ஆலையில அடிச்சது, 45னா கல்கத்தா. அடுத்து உலோகம். தங்கம், தங்கமுலாம் வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசியில வெள்ளீயம். தங்கம் ஜெனரல்களுக்கு. வெள்ளீயம் சாதாரண சிப்பாய்க்கு. மதராஸ் படையில நின்ன நம்ம ஆளுங்களுக்குக் கிடைச்சது அதுதான். ஒரே போர், ஒரே படம், ஆனா உலோகத்துலயே பதவி தெரிஞ்சிடும்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்துது. முதல் உலகப்போர்ப் பதக்கத்தோட விளிம்பைப் பார்த்தா சிப்பாயோட எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறிச்சிருக்கும். அதை வச்சுக் குடும்பத்தையே தேடலாம். 1799 பதக்கத்தைப் பெயரில்லாமதான் கொடுத்தாங்க. அதனால அதுல பெயர் இருந்தா, பின்னாடி யாரோ வெட்டினது. வாங்கினவரே வெட்டியிருக்கலாம், விலையேத்த வியாபாரியும் வெட்டியிருக்கலாம்.

தாத்தா பெட்டியில மங்கின பதக்கம் கிடைச்சா, தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. விளிம்புல எழுத்து இருந்தா தேய்மானத்துல முதல்ல போறது அதுதான். விளிம்பைச் சுத்தி நாலு போட்டோ எடுத்து வைங்க, அப்புறம் பேசலாம்.